கைக்கு மார்க் போடலாம், மூளைக்குப் போடலாமா?

"பழசா ஒரு வெப்கேம் இருந்தா எடுத்துட்டு வாடா. மைக் வேலை செய்யலைன்னாலும் பரவாயில்லை" என்று அக்கா போன் செய்தார். அக்கா என்றால் பெரியம்மா மகள். ஒரு மருத்துவக் கல்லூரியில் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அவர் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வீடியோவில் பேசத்தான் கேமரா கேட்கிறார் என்று நினைத்து, என்னிடம் சும்மா கிடந்த ஒன்றை எடுத்துப் போனேன்.

போய்ப் பார்த்தால் மேஜை மேல் துணி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் இரண்டு துளைகள். துளை வழியாக உள்ளே போகும் இரண்டு நீளமான இடுக்கிகள். ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்டவையாம். பெட்டிக்குள் ஒரு தெர்மகோல் துண்டு, அதில் வரிசையாக ஆணிகள், சைக்கிள் வால்வ் டியூபை நறுக்கிச் செய்த ஆறு வளையங்கள். வெப்கேமைப் பெட்டிக்குள் ஒட்டிவிட்டு, மானிட்டரைப் பார்த்துக்கொண்டே வளையங்களை இடப்பக்க ஆணியிலிருந்து எடுத்து, நடுவில் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி, வலப்பக்க ஆணியில் மாட்ட வேண்டும். பிறகு அதே போல் திரும்பவும். லேப்ராஸ்கோப்பி எனப்படும் துளை வழி அறுவை சிகிச்சைக்கான பயிற்சி இது.

நானும் செய்து பார்த்தேன். கையை இடது பக்கம் கொண்டுபோனால் இடுக்கியின் நுனி வலது பக்கம் போகிறது! துளைதான் தாங்குபுள்ளி, ஏற்றம் மாதிரி எல்லாமே தலைகீழ். போதாததற்கு மானிட்டரில் ஆழம் தெரிவதில்லை. ஒரு வளையத்தைத் தூக்கவே எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. அக்கா பன்னிரண்டு மாற்றல்களையும் மூன்றரை நிமிடத்தில் முடித்தார்.

இரண்டு நாள் கழித்து இரவு பத்தரை மணிக்கு மீண்டும் போன். "கை போச்சுடா. இன்னிக்கு அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆகுது. நாலு தடவை கீழே போட்டுட்டேன்." குரலில் கவலை இருந்தது. நேரில் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அன்று அறையில் ட்யூப்லைட் ஃப்யூஸ். ஒரு சின்ன விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சம் குறைந்தால் பெரும்பாலான வெப்கேம்கள் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். நொடிக்கு 30 படம் வர வேண்டிய இடத்தில் பத்துகூட வராது. திரையில் இடுக்கி விட்டு விட்டு, தாமதமாக நகரும். பெட்டிக்குள் ஒரு எல்.இ.டி. பட்டையை ஒட்டி, கேமரா செட்டிங்ஸில் எக்ஸ்போஷர் ஆட்டோமேடிக் என்று இருந்ததை எடுத்துவிட்டேன். (உங்கள் வீட்டிலும் வீடியோ அழைப்பில் படம் விட்டு விட்டு வந்தால், புதுக் கேமரா வாங்கும் முன் விளக்கைப் போட்டுப் பாருங்கள்.) அக்காவின் நேரம் பழையபடி மூன்றரை நிமிடத்துக்கு வந்துவிட்டது. அன்று இரவு நாங்கள் அளந்ததெல்லாம் வெப்கேமின் வேகத்தைத்தான்.

டீ குடிக்கும்போது அக்கா இன்னொன்று சொன்னார். வெளிநாடுகளில் இப்படிப் பயிற்சி செய்யும் டாக்டர்கள் தலையில் ஒரு தொப்பியை மாட்டி மூளையையும் பதிவு செய்கிறார்களாம். யார் தேறியவர், யார் தேறாதவர் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுமாம். வகுப்பில் ஒரு பேராசிரியர் ஆர்வமாகச் சொன்னாராம். "நீ காலேஜ்ல இதைத்தானே புராஜெக்ட் பண்ணே? இது நல்லதா கெட்டதா, சொல்லு."

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. எழுதியே விட்டேன்.

எதற்காக அளக்க வேண்டும்?

"ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்றுக்கொடு" என்பது அறுவை சிகிச்சைக் கல்வியில் நெடுங்காலம் புழங்கிய பேச்சு. சீனியர் பக்கத்தில் நின்று பார்ப்பார், "கை நன்றாக இருக்கிறது" என்பார், அவ்வளவுதான் மதிப்பீடு. 1990களில் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில், திசுவைக் கையாளும் விதம், கருவியைப் பிடிக்கும் விதம், நேரம் என்று தனித்தனியாக மதிப்பெண் போடும் முறையை உருவாக்கினார்கள். அமெரிக்காவில் எஃப்.எல்.எஸ். என்ற லேப்ராஸ்கோப்பித் தேர்வு வந்தது. அக்கா வால்வ் டியூபில் செய்வது அந்தத் தேர்வின் ஐந்து கைவேலைகளில் முதலாவது. 2009-10 கல்வியாண்டில் படிப்பை முடிப்பவர்கள் முதல், இதில் தேறினால்தான் அமெரிக்க அறுவை சிகிச்சை வாரியத்தின் சான்று என்று நிபந்தனையாக்கினார்கள்.

கையின் திறமை நோயாளியின் உயிரோடு எவ்வளவு சம்பந்தப்பட்டது என்பதற்கு 2013-இல் ஒரு நேரடி ஆதாரம் வந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை செய்யும் 20 டாக்டர்கள், தாங்கள் செய்த ஒரு ஆபரேஷன் வீடியோவை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். செய்தது யார் என்று தெரியாமலே மற்ற டாக்டர்கள் அதற்கு மதிப்பெண் போட்டார்கள். பிறகு அந்த 20 பேரின் நோயாளிகளுக்கு என்ன ஆயிற்று என்று பதிவேட்டைப் பார்த்தார்கள். மதிப்பெண்ணில் கீழ்க் கால்பகுதியில் இருந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள். மேல் கால்பகுதியில் இருந்தவர்களிடம் 5.2 சதவீதம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம்.

எனவே அளப்பது வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. என் வயிற்றில் நாளை துளை போடப்போகிறவரை யாராவது ஒழுங்காக அளந்திருக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புவேன். ஆனால் நேரத்தையும் தவறையும் எண்ணுவதில் ஒரு குறை இருக்கிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில், ஒரே தரத்தில் முடிக்கலாம். ஒருவருக்கு அது பழகிய வேலை, பேசிக்கொண்டே செய்வார். மற்றவர் முழுக் கவனத்தையும் செலவழித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வார். நிஜ ஆபரேஷனில் திடீரென்று ரத்தம் பீறிட்டால், யோசிக்க இடம் மீதமிருப்பது முதலாமவருக்குத்தான். ஸ்டாப்வாட்ச் இந்த இருவரையும் பிரித்துக் காட்டாது. மூளையைப் பார்க்கலாமே என்ற எண்ணம் இங்கிருந்துதான் வருகிறது. கார் ஓட்டக் கற்ற முதல் வாரத்தையும் இன்றைய நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள், புரியும்.

தொப்பிக்குள் என்ன இருக்கிறது?

இரண்டு வகைத் தொப்பிகள் உண்டு. முதல் வகை இ.இ.ஜி. ஜெர்மனியின் ஜெனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின் அலையை முதன்முதலில் பதிவு செய்தார். 1929-இல்தான் அதை வெளியிட்டார். தலைத்தோலில் சின்னச் சின்ன உலோக வில்லைகளை ஒட்டி, அங்கு எழும் மின்னழுத்தத்தைப் பதிவு செய்வது. டார்ச் லைட் செல் 1.5 வோல்ட் என்பது உங்களுக்குத் தெரியும். தலைத்தோலில் கிடைப்பது அதில் 30,000-இல் ஒரு பங்கு போல, சில பத்து மைக்ரோவோல்ட்கள். இவ்வளவு மெல்லிய சிக்னலோடு, சுவரில் ஓடும் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் வந்து சேரும். கண் சிமிட்டினால் மூளை அலையைவிடப் பெரிய அலை வரும். பல்லைக் கடித்தால் கிராஃப் முழுதும் புல் முளைத்தது போல் ஆகிவிடும்.

நம் ஊர் ஆஸ்பத்திரியில் இ.இ.ஜி. எடுக்கப் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: "தலைக்குக் குளிச்சிட்டு, எண்ணெய் வைக்காம வாங்க" என்பார்கள். எண்ணெய் இருந்தால் வில்லைக்கும் தோலுக்கும் தொடர்பு சரியாக இருக்காது. சிக்னல் அவ்வளவு சின்னது.

இரண்டாவது வகை ஒளியைப் பயன்படுத்துவது. 2020, 2021 கொரோனா நாட்களில் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்ஸிமீட்டர் நினைவிருக்கிறதா? சிவப்பும் அகச்சிவப்புமான ஒளி, ஆக்சிஜன் உள்ள ரத்தத்தால் ஒரு மாதிரியும் இல்லாத ரத்தத்தால் வேறு மாதிரியும் உறிஞ்சப்படுகிறது. அதே தத்துவத்தைத் தலையில் செய்தால் எஃப்-நிர்ஸ். ஒளி மண்டையோட்டைத் தாண்டிப் போகும் என்பதை ஃபிரான்ஸ் யோப்சிஸ் என்ற விஞ்ஞானி 1977-இல் காட்டினார். ஓரிடத்தில் ஒளியைப் பாய்ச்சி, சுமார் மூன்று சென்டிமீட்டர் தள்ளி ஒரு சென்சாரை வைப்பார்கள். ஒளி வாழைப்பழம் போல வளைந்த பாதையில் மூளையின் மேல்பகுதியைத் தொட்டுத் திரும்பும். வேலை செய்யும் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும்; அது சென்சாரில் தெரியும். ஆழத்தில் நடப்பது தெரியாது. ரத்தம் பாய்ந்து உச்சத்துக்கு வரவே ஐந்தாறு விநாடி ஆகும். அடர்ந்த கறுப்பு முடி ஒளியைத் தின்றுவிடும் என்பது இன்னொரு தொல்லை. அக்காவின் பின்னலைப் பார்த்தால் இந்த எந்திரம் அழுதுவிடும்!

இவற்றை வைத்து என்ன கண்டார்கள்? லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 2000களிலேயே முடிச்சுப் போடும் பயிற்சியில் இருப்பவர்கள் மேல் ஒளி முறையை வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். கற்றுக்கொள்ளும் ஆரம்பத்தில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை அதிகம் வேலை செய்கிறது. திட்டமிடுவதும் கவனத்தைப் பிடித்து வைப்பதும் அந்தப் பகுதியின் வேலை. கை பழகப் பழக அது அடங்குகிறது. 2018-இல் அமெரிக்காவின் ரென்சலேர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் பஃபலோ பல்கலைக்கழகமும் சம்பந்தப்பட்ட குழு ஒன்று, எஃப்.எல்.எஸ். தேர்வில் துணியில் வட்டம் வெட்டும் வேலையை எடுத்துக்கொண்டது. தேர்ந்தவர்களிடம் முன்மூளை குறைவாகவும், கை அசைவை நடத்தும் பகுதிகள் கூடுதலாகவும் வேலை செய்தன. தேர்வு மதிப்பெண்ணைவிட மூளைப் பதிவு, கற்றவரையும் கல்லாதவரையும் குறைந்த தவறோடு பிரித்தது என்று எழுதினார்கள். பஃபலோவிலேயே ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்தில், ரோபோ மூலம் அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர்களுக்கு இ.இ.ஜி. மாட்டி இதே மாதிரி ஆராய்ந்தார்கள்.

படிக்கும்போது, "அப்படியென்றால் முன்மூளை அடங்கினால் பாஸ், துடித்தால் பெயில்" என்று ஒரு புரோகிராம் எழுதிவிடத் தோன்றுகிறது அல்லவா? நான் சாஃப்ட்வேர் ஆள்; எனக்கு முதலில் அதுதான் தோன்றியது. ஒரே ஒரு இஃப் கண்டிஷன்.

அந்தக் கண்டிஷனை உடைப்பதும் அதே இம்பீரியல் கல்லூரியின் ஆய்வுதான். 2018-இல் வெளிவந்தது. பயிற்சியில் உள்ள 33 டாக்டர்களை லேப்ராஸ்கோப்பி முறையில் தையல் போடச் சொன்னார்கள். முதலில் அவரவர் வேகத்தில். பிறகு, ஒரு முடிச்சுக்கு இரண்டே நிமிடம் என்று கெடு வைத்து. நெருக்கடியிலும் ஓரளவு நிலை குலையாமல் செய்த சீனியர்களிடம் முன்மூளை தொடர்ந்து வேலை செய்தது. தடுமாறிய ஜூனியர்களிடம் அது அடங்கிப் போனது. சுமை தாங்காமல் மூளை கைவிட்டுவிட்ட மாதிரி.

கவனித்தீர்களா? அமைதியான அறையில் "முன்மூளை அடங்கியிருக்கிறது" என்றால் வேலை பழகிவிட்டது என்று பொருள். கெடு வைத்த அறையில் அதே அளவுக்கு ஆள் திணறிவிட்டார் என்று பொருள். என் ஒரு வரி புரோகிராம், திணறி நிற்கும் ஜூனியருக்கு "தேர்ந்தவர்" என்று சான்றிதழ் அடித்துக் கொடுத்திருக்கும். பக்கத்தில் நிற்கும் ஒரு மனிதர், முகத்தைப் பார்த்தே வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார்.

என் 94 சதவீதக் கதை

இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு சந்தேகம் வருவதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. கொஞ்சம் வெட்கமான கதை.

2019-இல் இன்ஜினியரிங் இறுதியாண்டு. பிசியோநெட் என்ற தளத்தில் 109 பேரின் இ.இ.ஜி. பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தலையில் 64 இடங்களில், நொடிக்கு 160 முறை அளந்தது. அதாவது ஒரு நொடிக்கு 10,240 எண்கள். இடது கையை மூடித் திறப்பதாக மனதில் நினைக்கிறாரா, வலது கையையா என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் எங்கள் புராஜெக்ட். பதிவுகளை ஒரு நொடித் துண்டுகளாக, ஒன்றின் மேல் ஒன்று பாதி படியும்படி வெட்டினோம். எல்லாத் துண்டுகளையும் சீட்டுக் குலுக்குவது போல் குலுக்கி, பத்தில் ஒன்பது பங்கை வைத்துக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்து, மீதியை வைத்துச் சோதித்தோம். 94 சதவீதம் சரி! வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கை கொடுத்தார். அப்பா ரிப்போர்ட்டை பைண்டிங் செய்து இன்னும் ஷோகேஸில் வைத்திருக்கிறார்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து, வேறு ஏதோ ஒரு புரோகிராமை ஒரு சீனியர் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "கத்துக்கொடுத்த டேட்டாவுல இருக்கிற அதே கஸ்டமர், டெஸ்ட் டேட்டாவுலயும் இருக்காரா பாத்தீங்களா?" என்று கேட்டார். எனக்கு வயிற்றில் புளி கரைந்தது. கையிலிருந்த வேலையைப் பற்றிக்கூட அல்ல, பழைய புராஜெக்டை நினைத்து.

அன்று இரவு பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். ஒரு நொடித் துண்டு கற்றுக்கொடுக்கும் பக்கத்தில் இருக்க, அதோடு பாதி படிந்த அடுத்த துண்டு சோதிக்கும் பக்கத்தில் இருந்திருக்கிறது. கேள்வித்தாளின் பாதியை முன்பே காட்டிவிட்டுத் தேர்வு வைத்தது மாதிரி. ஆட்களைப் பிரித்து, சிலரை வைத்துக் கற்றுக்கொடுத்து, கம்ப்யூட்டர் பார்த்தே இராத மற்றவர்களை வைத்துச் சோதித்தேன். அறுபதைச் சுற்றி நின்றது. காசைச் சுண்டிப் போட்டாலே ஐம்பது வரும்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையை அவர் வாங்குவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அறுவை சிகிச்சை மூளை ஆய்வுகள் எல்லாம் இப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆட்களை ஒழுங்காகப் பிரித்துச் சோதிக்கும் நல்ல குழுக்கள் இருக்கின்றன. ஆனால் இந்தத் துறைக்கே சில சங்கடங்கள் உண்டு. பிஸியான சர்ஜன்களைப் பிடித்து உட்கார வைப்பது கடினம். எனவே ஆட்கள் எண்ணிக்கை பெரும்பாலும் பத்துகளில்தான். ஒவ்வொருவரையும் நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டினால் "பத்தாயிரம் மாதிரிகள்" என்று எழுதிவிடலாம். மனிதர்கள் என்னவோ இருபது பேர்தான். அடுத்து, தேர்ந்த சர்ஜன் என்றால் பெரும்பாலும் வயதானவர், புதியவர் இளைஞர். வயதுக்கு ஏற்ப மூளை அலை மாறும். புதியவர் பதற்றத்தில் பல்லைக் கடிப்பார், தலையை ஆட்டுவார், கண்ணை அங்குமிங்கும் ஓட்டுவார். கம்ப்யூட்டர் "இவர் தேர்ந்தவர்" என்று கண்டுபிடித்தது திறமையை வைத்தா, வயதை வைத்தா, கடித்த பல்லை வைத்தா? அக்காவின் வெப்கேம் கதை மாதிரிதான். எண் ஒன்று வந்துவிட்டது என்பதற்காக, நாம் அளக்க நினைத்ததைத்தான் அளந்தோம் என்று ஆகிவிடாது.

அடுத்த முறை பேப்பரிலோ டி.வி.யிலோ "மூளையைப் படிக்கும் ஏ.ஐ., 95 சதவீதம் துல்லியம்" என்று பார்த்தால், நீங்கள் கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதமே ஆனவராக இருந்தாலும் சரி, இரண்டு கேள்விகளைத் தைரியமாகக் கேளுங்கள். மொத்தம் எத்தனை மனிதர்கள்? முன்பின் பார்த்திராத புது ஆளிடம் சோதித்தார்களா? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாவிட்டால் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

பைல் யாருடையது?

அளவு சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என் பெரிய கவலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

2019-இல் சீனாவின் ஜின்ஹுவா நகரத்தில் ஒரு தொடக்கப்பள்ளி, பிள்ளைகளின் நெற்றியில் இ.இ.ஜி. பட்டையை மாட்டியது. கவனம் நன்றாக இருந்தால் ஒரு நிற விளக்கு, சிதறினால் வேறு நிறம். அறிக்கை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் போயிற்று. செய்தி வெளியே வந்து எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தினார்கள். எட்டு வயதுப் பையன் ஜன்னல் வழியே காக்காயைப் பார்த்தால் நெற்றியில் விளக்கு மாறும்! கற்பதற்காக வந்த கருவி கண்காணிப்பதற்காக மாற எத்தனை நாள் ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

நம் நாட்டிலும் மூளைப் பதிவு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. குற்ற விசாரணையில் உண்மை கண்டறியும் சோதனை, மயக்க மருந்துச் சோதனை, மூளை மின் அலைச் சோதனை ஆகியவற்றை ஒருவரின் விருப்பமில்லாமல் நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் தீர்ப்பளித்தது. அது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு. பயிற்சி டாக்டருக்கு? 2021-இல் சிலி நாடு மூளைத் தகவலுக்குத் தன் அரசியல் சட்டத்திலேயே பாதுகாப்புக் கொடுத்தது. 2024-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் தன் தனியுரிமைச் சட்டத்தில் நரம்பியல் தகவலைச் சேர்த்தது. நம்முடைய 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் எல்லாத் தகவலையும் ஒரே தட்டில் வைக்கிறது; மூளைப் பதிவுக்கென்று அதில் தனிப் பிரிவு கிடையாது. சம்மதம் வாங்கினால் போதும்.

சம்மதம்! இதை அக்காவிடம் சொன்னபோது சிரித்தார். "ஹெச்.ஓ.டி. சார் ஃபார்மை நீட்டினா, நாங்க என்ன 'யோசிச்சு சொல்றேன் சார்'னா சொல்லப்போறோம்? அவர்தானே எனக்கு ஆபரேஷன் அலாட் பண்ணணும்?"

இ.இ.ஜி. பைலில் கைத்திறமை மட்டும் இருப்பதில்லை. தூக்கம் கெட்டிருந்தால் தெரியும். வலிப்பு நோய்க்கான அடையாளம் இருந்தாலும் ஒரு நரம்பியல் டாக்டர் பார்த்துவிடுவார். இரவுப் பணி முடித்து முப்பது மணி நேரம் விழித்திருந்த ஒருவரை உட்கார வைத்து எடுத்த பதிவு, நான்கு வருடம் கழித்து வேலைக்கு எடுக்கும் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரில் திறந்தால் எப்படியிருக்கும்? மதிப்பெண் குறைந்தால் மறுபடி எழுதலாம். "உன் மூளை இதற்குச் சரிப்படாது" என்று ஒரு பிரிண்ட்அவுட் வந்தால் யாரிடம் போய் மறுகூட்டல் கேட்பது?

எனவே அக்காவுக்கு நான் சொன்ன பதில் இது. கற்பவர் தன்னைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாக இந்தத் தொப்பி வரட்டும், நல்லது. அதே நேரத்தில் முடித்தாலும் இந்த மாதம் போன மாதத்தைவிடச் சிரமம் குறைந்திருக்கிறதா, எந்த இடத்தில் திணறுகிறேன், கெடு வைத்தால் என்ன ஆகிறேன் என்று தெரிந்தால் பயிற்சியை மாற்றிக்கொள்ளலாம். ஒருவரை அவரோடே ஒப்பிடும்போது வயது, முடி, மண்டை ஓட்டின் தடிமன் போன்ற தொல்லைகளும் பெரும்பாலும் கழன்றுபோகும். பாஸ், பெயில் போடும் மேஜைக்கு இது வரக் கூடாது. அங்கே கையைப் பார்க்கட்டும், வீடியோவைப் பார்க்கட்டும், நோயாளிகளுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கட்டும். மிச்சிகனில் செய்தது போல, பெயரை மறைத்துப் பத்து சர்ஜன்கள் பார்த்தால் இன்னும் நல்லது. செலவும் ஒரு வெப்கேம்தான்.

அக்கா முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "நேர்ல பாக்குற சீனியர் மட்டும் நியாயமா மார்க் போடறாரா? லேடீஸ்னா ஒரு மாதிரி, பிடிச்ச ஸ்டூடன்ட்னா ஒரு மாதிரி. மெஷினுக்கு அந்த வேறுபாடு கிடையாதே" என்றார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மெஷினும் யாரை வைத்துக் கற்றதோ அவர்களைப் போன்றவர்களுக்கே சாதகமாக இருக்கும் என்றேன். "அப்போ எங்களை வச்சுக் கத்துக்கொடுங்கடா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியின் முன் உட்கார்ந்துவிட்டார்.

நீங்களே மூளை அலையைப் பார்க்க

இவ்வளவு படித்த உங்களுக்கு ஒரு வேடிக்கை. தொப்பி இல்லாமலே உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மூளை அலையைப் பார்க்கலாம், செலவில்லாமல். கூகுளில் ஈ.டி.எஃப். பிரவுசர் என்று தேடி, அந்த இலவச சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்யுங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். பிறகு பிசியோநெட் தளத்தில், நான் சொன்ன 109 பேரின் இ.இ.ஜி. மோட்டார் மூவ்மென்ட் இமேஜரி டேட்டாசெட்டைத் தேடுங்கள். முழுவதையும் டவுன்லோட் செய்ய வேண்டாம், அது ஜி.பி. கணக்கில் இருக்கும். எஸ்001 போல்டரில் ஆர்01, ஆர்02 என்று முடியும் இரண்டு பைல்கள் போதும். ஒவ்வொன்றும் சுமார் 1.2 எம்.பி.தான்.

முதல் பைல் கண் திறந்தபடி ஒரு நிமிடம், இரண்டாவது கண் மூடியபடி ஒரு நிமிடம். பைல் மெனுவில் ஓபன் கொடுத்து, வரும் பட்டியலில் ஓ1, ஓ இசட், ஓ2 ஆகிய மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்துச் சேருங்கள். இவை பின்மண்டையில் வைத்த வில்லைகள். டைம்ஸ்கேல் மெனுவில் பத்து விநாடி என்று வையுங்கள். அலை சின்னதாகத் தெரிந்தால் ஆம்ப்ளிட்யூட் மெனுவில் பெரிதாக்குங்கள். கண் மூடிய பைலில் நொடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை ஏறி இறங்கும் சீரான அலை தெரியும். இதுதான் ஆல்ஃபா அலை; ஹான்ஸ் பெர்கர் ஜெனாவில் பார்த்ததும் இதைத்தான். கண் திறந்த பைலில் அது பெருமளவு அடங்கியிருக்கும்.

முதல் ஆளிடம் தெளிவாகத் தெரியாவிட்டால் எஸ்002, எஸ்003 என்று அடுத்தவர்களைத் திறந்து பாருங்கள். சிலரிடம் பளிச்சென்று இருக்கும், சிலரிடம் தேடித்தான் பார்க்க வேண்டும். எல்லோரும் ஒரே நிமிடத்தில் ஒரே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான்.

வெப்கேமைத் திருப்பித் தருவதாக அக்கா சொல்லியிருந்தார். போன வாரம் கேட்டேன். அவருடைய ஜூனியர்கள் இரண்டு பேரும் அந்தப் பெட்டியில்தான் இப்போது பழகுகிறார்களாம். இன்னொன்று வாங்கப் போகிறேன்.